மூடியில் எழுதியவள்

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஒன்பதரை மணிக்கு, வயிறுகளுக்குச் சாப்பாடு போடுவது பேனாக்காவின் வேலை. முழங்கை வரை கழுவி, கையுறை மாட்டி, அதன்மேல் ஸ்பிரிட் தெளித்துத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்பு போட்ட மேசையின் முன் உட்காருவாள். மேலிருந்து வடிகட்டிய காற்று உஸ்ஸென்று இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. தட்டில் இருபத்துநான்கு குழிகள். குழிக்கு ஒரு சொட்டு ஜெல். அந்த ஜெல்லுக்குள், கடுகைவிடச் சின்ன உருண்டைகளாக, மனித வயிற்றின் உள்தோல். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய ரோஸ் நிறத் திரவத்தைக் குழியின் ஓரமாக விடவேண்டும். நேரே தலையில் ஊற்றினால் ஜெல் கலைந்து போகும்.

“பச்சப்புள்ளைக்கு மருந்து புகட்டுற மாதிரி, கன்னத்தோரமா” என்பாள், யார் பக்கத்தில் நின்றாலும். யாரும் நிற்காவிட்டாலும் சொல்லிக்கொள்வாள்.

கொண்டையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா செருகியிருப்பதால் பேனாக்கா. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். வயது ஐம்பத்தொன்று. பக்கத்து ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் பத்தியச் சாப்பாடு தயாரிக்கும் வேலையில் தொடங்கி, பிறகு இங்கே கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். செல் வளர்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போனபோது, “மூணு மாசம் பார்த்துக்கறீங்களா?” என்று கூடத்தை நடத்தும் மேடம் கேட்டார். அந்த மூன்று மாசம் பதினாலு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. விடுப்பில் போனவளின் பிள்ளைக்கே இப்போது மீசை அரும்பியிருக்கும்.

அவளுக்கென்று ஒரு கொள்கை உண்டு. அதை அவளே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்: ‘மூடி ஓடிப்போகும். அடி ஓடாது. அடியில் எழுது.’ தட்டுக்கு மூடி தனி. எந்த மூடியும் எந்தத் தட்டுக்கும் பொருந்தும். ஆகவே, உள்ளே என்ன வளர்கிறது என்பதைத் தட்டின் அடிப்பக்கத்தில்தான் எழுதவேண்டும். மூடியில் எழுதிய புதியவர்கள் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் அவள் கையில் இருந்தது ஒரு ஆராய்ச்சி மாணவியின் வேலை. நெட்டையான பெண். சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். ஒரே ஆளின் வயிற்றில் இரண்டு இடத்திலிருந்து, அறுவை சிகிச்சையின்போது அனுமதியோடு எடுத்த இரண்டு துணுக்குகள். அவற்றை எட்டு மாதமாக வளர்த்து வந்தார்கள்.

“வயிறுன்னா ஒரே பைதானேம்மா, எதுக்கு ரெண்டு எடம்?” என்று பேனாக்கா முதல் நாளே கேட்டிருந்தாள்.

“பை ஒண்ணுதான்க்கா. ஆனா மேல்பக்கத் தோலும் கீழ்பக்கத் தோலும் வேற வேற. மேல்பக்கம் ஆசிட் சுரக்கும். கீழ்பக்கம், குடலுக்குப் போற வாசல் இருக்கே, அங்க வழவழன்னு சுரக்கும். கூடவே, ஆசிட்டைக் கூட்டச் சொல்லி மேல சேதி அனுப்பும்.”

பேனாக்கா யோசித்தாள். “மேல்வீட்ல அடுப்பு எரியுது. கீழ்வீட்ல இருந்துகிட்டு ஒரு ஆள் அடுப்பைக் கூட்டுன்னு அதிகாரம் பண்ணுது. எங்க வீட்டை எப்பம்மா வந்து பார்த்தே?”

அவள் குடியிருப்பது மாடியில். கீழே அவள் கணவனின் அண்ணன் குடும்பம். அன்றிலிருந்து அந்த இரண்டு வகைச் செல்களுக்கும் மேல்வீடு, கீழ்வீடு என்று பெயராகிவிட்டது. மேடம்கூடக் கூட்டங்களில் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வார்.

“ரெண்டு வீட்லயும் இருக்கிற டிஎன்ஏ ஒண்ணுதான்க்கா, ஒரே புத்தகத்தோட ரெண்டு பிரதி மாதிரி” என்று மாணவி விளக்கினாள். “ஆனா அங்கங்க பக்கத்து மேல மெத்தில்னு ஒரு குட்டிக் குறி ஒட்டியிருக்கும். குறி ஒட்டின பக்கத்தைப் பெரும்பாலும் செல் திறந்து படிக்காது. மேல்வீட்ல ஒரு தினுசா ஒட்டியிருக்கும், கீழ்வீட்ல வேற தினுசு. செல் ரெண்டாப் பிரியும்போது அந்தக் குறியையும் பார்த்து நகல் எடுத்துக்கும். என் கேள்வி என்னன்னா, வயித்தை விட்டு வெளிய வந்தாச்சு. ஒரே மாதிரி தட்டு, ஒரே சாப்பாடு, எட்டு மாசம். இப்பவும் அந்தக் குறி இருக்குமா? நான் எந்த வீடுன்னு அதுக்கு ஞாபகம் இருக்குமா?”

“இருக்காமப் பின்னே? எங்க ஓரகத்தி கல்யாணமாகி முப்பது வருஷம். இன்னும் அவங்க பொறந்த வீட்டு அளவுக்குத்தான் வெங்காயம் நறுக்குறாங்க. ஒவ்வொண்ணும் செங்கல்லு.”

“இதை அப்படியே ஆய்வேட்டுல போட முடியாதுக்கா.”

“போட்டா எவன் கேக்கப்போறான்?”

அந்த நாட்களில்தான் கூடத்தின் கோடியில் புதிய செல் வளர்ப்பு அறை கட்டி முடிந்திருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கதவுக்குத் தனிச் சாவி உண்டு. யார் உள்ளே வரலாம், எந்தத் தட்டு எந்த அடுக்கில் இருக்கலாம் என்பதெல்லாம் சாவிக்காரர் சொல்வதுதான். பதினாலு வருஷமாக யார் யாரோ வந்து கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்த பேனாக்காவுக்கு அந்தச் சாவியின் மேல் ஒரு கண். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக மேடம் சொல்லியிருந்தார். வேறு யாரையும் நினைத்துப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான், செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெளியூரிலிருந்து நாலு விருந்தினர்களை அழைத்துக்கொண்டு மேடம் வந்தார். மாணவி அன்று நூலகத்தில் இருந்தாள். பேனாக்கா மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் பழைய தட்டிலிருந்து பிரித்துப் புதுத் தட்டுகளில் குடிவைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க இடத்துலயே ரொம்ப ஜாக்கிரதையானவங்க இவங்கதான்” என்றார் மேடம், கண்ணாடிக்கு வெளியே நின்று.

அந்த ஒரு வாக்கியம்தான் வேலையைக் கெடுத்தது.

வழக்கமாக, குடிவைப்பதற்கு முன்பே தட்டின் அடியில் எழுதிவிடுவாள். அன்று பேச்சுக் குரல் கேட்டு நிமிர்ந்ததில் அது விட்டுப்போனது. ஜெல் சொட்டுகளை வைத்த பிறகு தட்டைத் தூக்கி அழுத்தி எழுதினால் சொட்டு சரிந்துவிடும். இப்போதைக்கு இருக்கட்டும், ஜெல் இறுகியதும் அடியில் எழுதிக்கொள்ளலாம் என்று மூடியில் ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதினாள். ஜெல் இறுகியது. விருந்தினர் நகரவில்லை. ஒருவர் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தார். பேனாக்காவுக்குக் கையில் ஒரு வேகம் வந்துவிட்டது. ஒரு தட்டை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கவேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். அன்று இரண்டையும் ஒன்றாகத் திறந்து, மூடிகளை ஓரமாக வைத்து, நாற்பத்தெட்டுக் குழிகளுக்கும் ஒரே மூச்சில் கன்னத்தோரமாகப் புகட்டி முடித்தாள். வெளியே யாரோ கைதட்டினார்கள். மூடிகளை எடுத்து மூடினாள். விருந்தினர் போனார்கள்.

அப்போதுதான் மூடிகளைக் கவனித்தாள். எந்த மூடி எந்தத் தட்டின் மேல் இருந்தது?

திரவம் விடும் பிப்பெட்டை வைத்துவிட்டு, கை நகர்ந்த வழியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். இடது கையால் எடுத்து வலப்பக்கம் வைத்தோமா, வலது கையால் எடுத்தோமா? கைதட்டல் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் அப்போதுதான் குடிவைத்த சின்னச் சின்ன உருண்டைகள். ஆனாலும் பதினாலு வருஷக் கண். இடப்பக்கத் தட்டில் உருண்டைகள் தள்ளித் தள்ளி, கொஞ்சம் திமிராக உட்கார்ந்திருந்தன. வலப்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ‘திமிரு மேல்வீடு. கூட்டம் கூட்டமா இருக்கிறது கீழ்வீடு. எட்டு மாசம் நான் ஊட்டினதுங்க, எனக்குத் தெரியாதா?’ கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். இடப்பக்கத் தட்டின் அடியில் ‘மேல்’ என்றும், வலப்பக்கத் தட்டின் அடியில் ‘கீழ்’ என்றும் மெதுவாக, அழுத்தாமல், எழுதினாள். மூடிகளில் இருந்ததை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். தட்டுகளை இன்குபேட்டரின் கதகதப்பில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சந்தேகம் கொஞ்சம்கூட இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அந்த வீட்டு வழக்கப்படி மாடியில் செய்வதில் பாதி கீழே போகும், கீழே செய்வதில் பாதி மேலே வரும். தள்ளுபடியில் சோடியாக வாங்கிய இரண்டு எவர்சில்வர் தூக்குகள் அதற்கென்றே படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அன்று இரண்டு பெண்களும் சொல்லி வைத்தாற்போல் பருப்பு செய்திருந்தார்கள். ஒரே கடைப் பருப்பு, ஒரே கடை எண்ணெய்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு வந்து பசியோடு உட்கார்ந்தான். கீழே போகவிருந்த தூக்கு, கீழிருந்து வந்த தூக்கு, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

“இது நீ வச்சது” என்றான், ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு. “பக்குவம்னா இது பக்குவம். அது அண்ணி வச்சது. உப்பு தூக்கல், பருப்பு வேகலை. பாவம், அண்ணனுக்குப் பழகிப்போச்சு.”

“நெசமாத் தெரியுமா?” என்றாள் அவள்.

“இருபத்தாறு வருஷம் சாப்பிடுறேன். நாக்கு பொய் சொல்லுமா? சத்தியம் பண்ணவா?” என்று கையைத் தூக்கினான்.

“பண்ணாதீங்க தம்பி, பண்ணாதீங்க” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஓரகத்தி, தன் தூக்கை வாங்கிப்போக வந்தவள், நிலைப்படியில் சாய்ந்து முழுவதையும் கேட்டிருந்தாள். “பக்குவமா இருக்கிறது நான் வச்சது. வேகாதது உங்க பொண்டாட்டி வச்சது. இன்னைக்கு நான் போய்ட்டு வர்றேன். நாளைக்கு நீங்க உயிரோட இருந்தா பேசலாம்.”

கணவன் கரண்டியோடு உறைந்தான். “இல்ல... வெந்திருக்கு... வேற மாதிரி வெந்திருக்குன்னு சொன்னேன்...”

ஓரகத்தி சிரித்த சிரிப்பு படி இறங்கும் வரைக்கும் கேட்டது. பேனாக்காவும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தவள், நடுவில் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“கோவமா?” என்றான் கணவன்.

“கோவமில்ல. சாப்பிடுங்க.”

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் பண்ணுவதற்குத் தூக்கிய கை இன்னும் பாதியில் நின்றது. பொய் சொல்கிறவன் முகமில்லை அது. மத்தியானம் பேனாவை உருவியபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மேடம் அறை வாசலில் நின்றாள். மாணவியும் வந்து சேரும் வரை காத்திருந்தாள். ஒருமுறைக்கு மேல் சொல்லத் தெம்பில்லை.

“நேத்து மூடியில எழுதினேன். மூடி மாறிப்போச்சு. அப்புறம் கண்ணால பார்த்து அடியில எழுதிட்டேன். எது எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது.”

மாணவி முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். பேனாக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது.

“அக்கா, எட்டு மாசம்! மூடியிலயா? நீங்களா? சுவத்துல எழுதி ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“என்னை ஒருதடவை அதுக்காக அழவே வச்சீங்க!”

“அழ வச்சேன். திட்டும்மா, நல்லாத் திட்டு.”

“திட்டத் தெரியலக்கா, அதான் பிரச்சினை” என்று மாணவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற ஒரே காரியம் அது. “டிஎன்ஏ பார்த்துச் சொல்லலாம்னா, ரெண்டும் ஒரே ஆளோட வயிறு. எழுத்தெல்லாம் ஒண்ணுதான். வித்தியாசம் இருந்தா அந்த மெத்தில் குறியில மட்டும்தான்.”

“அந்தக் குறி இன்னும் இருக்கான்னு கண்டுபிடிக்கத்தானே மேடம் எட்டு மாசம்?” என்றாள் மாணவி. “குறியை வச்சே எது எதுன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் ‘பாருங்க, குறி இருக்கு’ன்னு எழுதினா, எங்க வீட்டு நாய்கூட ஒத்துக்காது.”

“ஒத்துக்காது” என்றார் மேடம். “இந்தத் தட்டு ரெண்டும் ஆய்வேட்டுக்கு ஆகாது. ஆறாவது மாசம் உறைய வச்ச குப்பிங்க நைட்ரஜன் டாங்கில இருக்கா?”

“இருக்கு” என்றாள் பேனாக்கா. “குப்பி உடம்புலயே எழுதியிருக்கேன். அதுல மூடி விஷயமே இல்ல.”

“அதை எழுப்புங்க. மறுபடி ரெண்டு மாசம் வளருங்க.” மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இந்தத் தட்டுங்களையும் சோதனைக்கு அனுப்புங்க. ஆறாவது மாசத்துக் குறியோட ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆய்வேட்டுக்கு இல்ல. எனக்குத் தெரியணும்.”

சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மாணவி இரண்டு நாள் பேனாக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், குப்பியை வெந்நீரில் காட்டி எழுப்பும்போது, பக்கத்தில் வந்து நின்றாள்.

“கன்னத்தோரமா” என்றாள் முறைப்பாக.

“தெரியும்மா” என்றாள் பேனாக்கா.

எழுப்பிய செல்கள் முதல் வாரம் சோம்பிக் கிடந்தன. இரண்டாம் வாரம் ஒன்றிரண்டு உருண்டைகள் தலைகாட்டின. பேனாக்கா இப்போது ஒவ்வொரு தட்டையும் அடியில் எழுதி, குடிவைப்பதற்கு முன்பு மாணவியை அழைத்து வாசிக்கச் சொன்னாள். மாணவி வேண்டுமென்றே உரக்க, பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்கிற மாதிரி, “மேல்! வீடு!” என்று கத்துவாள். அடுத்த அறையிலிருந்து யாராவது, “வாடகை எவ்வளவு?” என்பார்கள்.

சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆனது. மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள், வரிவரியாக. நீலம் என்றால் குறி இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. ஆறாவது மாசத்து மேல்வீடு ஒரு வரி, ஆறாவது மாசத்துக் கீழ்வீடு ஒரு வரி. அவற்றின் கீழே அந்த இரண்டு தட்டுகள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கியது. ஒரு தட்டு அச்சு அசல் மேல்வீடு. இன்னொன்று அச்சு அசல் கீழ்வீடு. நடுவில் தடுமாறுகிற மாதிரி எதுவுமே இல்லை.

“இப்ப இதைப் பாருங்க” என்று மேடம் பேனாவின் முனையால் தட்டின் பெயரைக் காட்டினார்.

மேல்வீட்டுக் கோடுகள் இருந்த தட்டின் பெயர், பேனாக்காவின் கையெழுத்தில், ‘கீழ்’.

மாணவிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை.

“அக்கா! நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா... எட்டு மாசம் கழிச்சு மேல்வீடு கீழ்வீடா மாறிடுச்சு, கீழ்வீடு மேல்வீடா மாறிடுச்சுன்னு நான் உலகத்துக்கே எழுதியிருப்பேன்! பட்டம் வாங்கியிருப்பேன்! அப்புறம் எவனாவது செஞ்சு பார்த்துட்டு வந்து என் பட்டத்தைப் புடுங்கியிருப்பான்!”

“திமிரா உக்காந்திருந்துச்சே...” என்றாள் பேனாக்கா, திரையைப் பார்த்தபடி. “அப்ப கீழ்வீட்டுக்குத்தான் திமிரா?”

“அதை உங்க ஓரகத்திகிட்ட கேளுங்க” என்றாள் மாணவி.

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரே வளையத்தில் இரண்டு சாவிகள். வளையத்தைப் பிரித்து ஒன்றைப் பேனாக்காவின் பக்கம் நகர்த்தினார், இன்னொன்றை மாணவியின் பக்கம். “புது ரூமுக்குப் பொறுப்பு நீங்கதான். ஆனா எந்தத் தட்டா இருந்தாலும் பேரை ரெண்டு பேர் படிக்கணும். இவ இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இங்கதானே இருக்கப்போறா. யாரால அவ்வளவு நாள்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“சாவிக்காரி ஆளைப் பாரு” என்று மாணவி தன் சாவியை விரலில் சுழற்றினாள். “அக்கா, இனிமே நீங்க கதவைச் சாத்தினா நான் திறப்பேன்.”

பேனாக்கா சாவியை எடுத்தாள். முந்தானையில் முடிந்துகொள்ளலாமா, கொண்டையில் பேனாவோடு மாட்டிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, மேலங்கிப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டினாள். பையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

“ஒரு விஷயம்” என்றார் மேடம். “அன்னைக்கு அடியில எழுதினப்ப உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?”

“இல்ல மேடம். துளிகூட இல்ல.”

“சரின்னுதான் நெனச்சீங்க. யாரும் பார்க்கல. மூடியையும் துடைச்சாச்சு. சாவி வேற வர்ற நேரம். அப்புறம் மறுநாள் காலையில ஏன் வந்து சொன்னீங்க?”

பேனாக்கா வாயைத் திறந்தாள். வேகாத பருப்பையும், பாதியில் நின்ற ஒரு கையையும், நிலைப்படியில் சாய்ந்து சிரித்த ஓரகத்தியையும், நீலமும் மஞ்சளுமான இந்தக் கோடுகளுக்கு முன்னால் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபத்தெட்டு. கொண்டையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, வயிறுகளுக்குச் சாப்பாடு போடக் கிளம்பிப் போனாள்.